இறந்தோர் வீடு திரும்பும் நாள்: தியா தே லோஸ் முவெர்தோஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, சான் அன்டோனியோ போன்ற அமெரிக்க நகரங்களில், லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோ மக்களின் கடைத்தெருக்களில் சர்க்கரையால் வார்த்த மண்டையோடுகளும், எலும்பு வடிவம் பதித்த ரொட்டிகளும், கட்டுக்கட்டாகச் செண்டுமல்லிப் பூவும் வந்து இறங்குகின்றன. மெக்சிகோவில் வேர்கொண்டு, எல்லை கடந்து வந்த மக்களால் இன்னொரு தேவைக்காக மீண்டும் வடிவமைக்கப்பட்ட இந்த நினைவு நாள் குறித்துத் தமிழ் வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளும் விடைகளும் கீழே உள்ளன.

இது என்ன நாள்? எந்தத் தேதிகளில் வருகிறது?

இறந்துபோன உறவினர்களின் ஆன்மாக்கள் ஆண்டுக்கு ஒருமுறை தம் வீட்டுக்குத் திரும்பி வந்து, சில மணி நேரம் தங்கி, பசியாறி, மீண்டும் புறப்பட்டுப் போகின்றன என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. நவம்பர் 1 குழந்தைகளாய் இறந்தவர்களுக்கும், நவம்பர் 2 பெரியவர்களாய் இறந்தவர்களுக்கும் உரியவை. பல ஊர்களில் கணக்கு இன்னும் துல்லியமானது: அக்டோபர் 31 நண்பகலில் குழந்தைகள் வருகிறார்கள், மறுநாள் நண்பகலில் அவர்கள் விடைபெற, பெரியவர்கள் வந்து சேர்கிறார்கள், நவம்பர் 2 நண்பகலோடு அவர்களும் போய்விடுகிறார்கள். விபத்திலோ வன்முறையிலோ உயிரிழந்தவர்களுக்கு அக்டோபர் 28-ஐ ஒதுக்கும் பகுதிகளும் உண்டு. விருந்தாளி எப்போது வருவார், எப்போது புறப்படுவார் என்று நேரம் குறித்து வைத்திருப்பதிலிருந்தே இது வெறும் நினைவுகூரல் இல்லை, விருந்தோம்பல் என்பது விளங்கும். தேதிகள் வேறுபட்டாலும் அந்த விருந்தோம்பல் எங்கும் வேறுபடுவதில்லை.

‘தியா தே முவெர்தோஸ்’, ‘தியா தே லோஸ் முவெர்தோஸ்’ – எது சரி?

இரண்டும் சரியே, இரண்டுக்கும் பொருள் ‘இறந்தோர் நாள்’. மெக்சிகோவில் முதலாவதும், அமெரிக்காவில் இரண்டாவதும் அதிகம் வழங்குகின்றன. கிராமத்துப் பெரியவர்கள் இவை இரண்டையும் விட்டுவிட்டு ‘தோதோஸ் சாந்தோஸ்’, அதாவது ‘எல்லாப் புனிதர்கள்’, என்றே சொல்வார்கள்.

நம் ஊர்க் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2-இல்தானே வருகிறது?

ஆம், அது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே திருச்சபை நாட்காட்டியிலிருந்து கிளைத்தவை. நவம்பர் 1-ஐ எல்லாப் புனிதர்களின் விழாவாகக் கொண்டாடும் வழக்கம் 9-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பா எங்கும் நிலைபெற்றது. அதற்கு மறுநாளை இறந்த விசுவாசிகள் அனைவருக்குமான மன்றாட்டு நாளாகப் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களுக்கு விதித்தார். அது மெல்ல மெல்லத் திருச்சபை முழுவதற்கும் பரவியது. ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் அந்த நாளைத் தமிழகக் கடற்கரைக்கும் கொண்டு வந்தார்கள், மெக்சிகோவுக்கும் கொண்டு போனார்கள். கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பது இரு இடத்துக்கும் பொது. மெக்சிகோவில் அந்த நாள் வந்து சேர்ந்த மண்ணில் ஏற்கெனவே இறந்தோருக்கு உணவு படைக்கும் வழக்கம் இருந்ததால், கல்லறையோடு நில்லாமல் வீட்டுக்குள்ளும் அது குடிபுகுந்தது.

இது மூவாயிரம் ஆண்டுப் பழமையான ஆஸ்டெக் விழா என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளதே, உண்மையா?

அப்படிச் சொல்வது மிகை. ஆஸ்டெக்குகள் என நாம் அழைக்கும் மெஷிக்கா மக்களின் பேரரசே ஸ்பானியர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்புதான் உருவானது. அவர்களுடைய பதினெட்டு மாத நாட்காட்டியில் இறந்தோருக்கான விழாக்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தன: ஒன்று சிறியோருக்கானது, மற்றது பெரியோருக்கானது. ஆனால் அவை வந்த காலம் ஏறத்தாழ ஆகஸ்ட். இயல்பாக இறந்தவர் நான்கு ஆண்டுகள் நடந்து, ஒன்பது நிலைகளைக் கடந்து, மிக்த்லான் என்ற கீழுலகை அடைவார் என்றும், வழியிலுள்ள ஆற்றைக் கடக்க ஒரு நாய் துணை வரும் என்றும் அவர்கள் நம்பியதை 16-ஆம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கத் துறவி பெர்னார்தினோ தே சாகாகுன் எழுதி வைத்திருக்கிறார்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த தொமினிக்கத் துறவி தியேகோ துரான் இன்னும் சுவையான ஒன்றைப் பதிவு செய்தார். நவம்பர் 1-இல் இறந்த குழந்தைகளுக்கென்றும், மறுநாள் பெரியவர்களுக்கென்றும் பழங்குடி மக்கள் கொக்கோ, மெழுகு, கோழி, பழம் ஆகியவற்றைக் கொண்டு வந்து வைப்பதைக் கண்ட அவர், பழைய விழாவையே இவர்கள் புதிய தேதிக்கு நகர்த்திக்கொண்டு தம்மை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகித்தார். அவருடைய சந்தேகம்தான் இன்றைக்கு நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்றுகளில் ஒன்று.

இதற்கு எதிர்த்தரப்பும் வலுவானது. மெக்சிகோவின் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் எல்சா மால்விடோ, இந்த விழாவின் பெரும்பகுதி இடைக்கால ஐரோப்பியக் கத்தோலிக்க வழக்கமே என்றும், அதற்குப் பழங்குடிச் சாயம் பூசியது 1910-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தேசிய அடையாளம் தேடிய அறிஞர்களும் அரசும்தான் என்றும் வாதிட்டார். ஸ்பெயினில் இன்றும் அந்நாட்களில் ‘புனிதர் எலும்பு’ என்ற பெயரில் இனிப்பு விற்கிறது. சிசிலித் தீவில் குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பொம்மை கொடுக்கிறார்கள். எனவே மண்டையோட்டு மிட்டாயைக் கண்டதும் ஆஸ்டெக் என்று முடிவுகட்டுவது அவசரம்; ஸ்பானியர் கரும்பைக் கொண்டுவரும் வரை மெக்சிகோவில் வார்ப்பதற்குச் சர்க்கரையே இருந்ததில்லை. எது எவருடையது என்று பிரிப்பதைவிட, தலைமுறைதோறும் இதை மக்கள் தமக்கேற்ப மாற்றியமைத்து வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வதே பொருத்தம் என இதை எழுதுபவர் கருதுகிறார்.

வீட்டில் அமைக்கும் படையல் மேடையில் என்னென்ன இருக்கும்?

இந்த மேடைக்கு ‘ஒஃப்ரெந்தா’ என்று பெயர். ‘படையல்’ என்பதே அதற்கு நேரான தமிழ். மேசை, பெட்டி, செங்கல் என்று கையில் கிடைத்ததை அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்துப் படிகளாக அமைப்பார்கள். இரண்டு படி வானையும் மண்ணையும் குறிக்கும் என்பர். மூன்று, ஏழு என்று உயர்த்தும் ஊர்களும் உண்டு. நம் வீட்டுக் கொலுப்படியை நினைத்துக்கொண்டால் தோற்றம் பிடிபடும். ஆனால் இங்கே மேல்படியில் வீற்றிருப்பது அந்த வீட்டில் இறந்தவர்களின் நிழற்படங்கள், அவற்றுக்கு மேலே பெரும்பாலும் குவாடலூப்பே மாதா அல்லது ஒரு சிலுவை.

முதலில் வைப்பது ஒரு குவளைத் தண்ணீர். நெடுந்தூரம் நடந்து வருபவருக்குத் தாகமாக இருக்கும் அல்லவா. பக்கத்தில் உப்பு. கைகால் கழுவுவதற்கு ஒரு கிண்ணமும் துண்டும் சோப்பும் வைக்கிற வீடுகளும் உண்டு. ஆன்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படும். நினைக்க யாருமில்லாத அநாதை ஆன்மாவுக்கென்று ஒன்று கூடுதலாக ஏற்றும் வழக்கத்தைப் போல இந்த மரபின் மனத்தைக் காட்டுவது வேறெதுவும் இல்லை. தணலில் ‘கோப்பால்’ போடுவார்கள். ஆள்பெயர் போல ஒலித்தாலும் அது மரத்துப் பிசின். சாம்பிராணியைப் போலப் புகையும்.

மேற்கூரையிலிருந்தோ மேடை விளிம்பிலிருந்தோ தொங்கும் வண்ணத்தாள் தோரணத்துக்குப் ‘பாப்பெல் பிக்காதோ’ என்று பெயர். பூயெப்லா மாநிலத்தின் சான் சால்வதோர் ஹுயிஷ்கொலோத்லா என்ற சிற்றூர் இதற்குப் புகழ்பெற்றது. பல தாள்களை ஒன்றாக அடுக்கி, மேலே வரைபடம் வைத்து, சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு கொத்தியெடுப்பார்கள். அந்த மெல்லிய தாளை மெக்சிகோவில் இன்றும் ‘சீனத் தாள்’ என்றே அழைக்கிறார்கள். பசிபிக் கடல் கடந்து மணிலாவிலிருந்து வந்த வணிகத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கிவிட்டது.

உணவைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: இறந்தவருக்குப் பிடித்தது. மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த தமாலே, மிளகாயும் கொக்கோவும் கலந்த மோலே குழம்பு, சூடான அத்தோலே கஞ்சி, பழங்கள் ஆகியவை வழக்கமானவை. ‘பான் தே முவெர்தோ’ என்ற வட்ட ரொட்டியின் மேல் எலும்பு போன்ற பட்டைகளும் நடுவில் மண்டையோட்டைக் குறிக்கும் குமிழும் இருக்கும். ஆரஞ்சுப்பூ வாசமும் மேலே தூவிய சர்க்கரையும் அதன் அடையாளம். இவற்றோடு தாத்தா குடித்த மெஸ்கால் மது, அவர் புகைத்த சிகரெட், பாட்டியின் சால்வை, இறந்த குழந்தையின் பொம்மை என்று ஒவ்வொரு வீட்டிலும் பட்டியல் மாறும். கல்வெட்டில் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்குப் பதிலாக அந்த மனிதரின் விருப்பங்களை வைத்தே அவரை மீண்டும் அடையாளம் காட்டுகிறார்கள்.

அந்தப் பூ நம் ஊர்ச் செண்டுமல்லி போலவே இருக்கிறதே?

போல இல்லை, அதுவேதான். துலுக்கச் சாமந்தி என்றும் செண்டுமல்லி என்றும் நாம் சொல்லும் ஆரஞ்சுப் பூவின் தாயகம் மெக்சிகோ. கடல் வணிகம் தொடங்கிய பின்னரே அது இந்தியாவுக்கு வந்து, தமிழகத்துத் தோட்டங்களிலும் பூச்சந்தைகளிலும் நெடுங்காலம் இங்கேயே இருந்தது போலத் தன்னை நிறுவிக்கொண்டது. மெக்சிகோவில் அதன் பெயர் ‘செம்பாசூச்சில்’. ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் ‘இருபது பூ’ என்பது அதன் பொருள். இருபது என்பது இங்கே அடர்ந்த இதழ்களின் எண்ணிறந்த தன்மையைச் சுட்டுகிறது. வாசலிலிருந்து படையல் வரை அதன் இதழ்களை உதிர்த்துப் பாதை போடுவார்கள். நிறத்தாலும் நெடியாலும் ஆன்மா வழி தவறாமல் வந்து சேரும் என்பது நம்பிக்கை. பார்வை மங்கிய விருந்தாளிக்கும் மூக்கு வழிகாட்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

படைத்த உணவை யார் சாப்பிடுகிறார்கள்?

இறந்தவர்கள் மணத்தையும் சாரத்தையும் மட்டும் உட்கொள்கிறார்கள். மிச்சத்தை உயிரோடிருப்பவர்கள் உண்கிறார்கள். படையலில் இருந்த உணவுக்குப் பிறகு சுவை குறைந்துவிடுவதாகவும், அதுவே அவர்கள் வந்து போனதற்கு அடையாளம் என்றும் பலர் உறுதியாகச் சொல்வார்கள்.

மண்டையோடும் எலும்புக்கூடும் எதற்காக? தொப்பி அணிந்த அந்தப் பெண் எலும்புக்கூடு யார்?

அவள் பெயர் கத்ரினா. அவளுக்கு வயது நூற்றுப் பத்தை ஒட்டித்தான் இருக்கும். அகுவாஸ்கலியெந்தெஸ் நகரில் 1852-இல் பிறந்த ஹோசே குவாடலூப்பே போசாதா, மெக்சிகோ நகரத்து மலிவு விலை அச்சுத்தாள்களுக்குச் செதுக்குப்படம் வரைந்தவர். நவம்பர் மாதத்தில் ‘கலவேரா’ என்ற பெயரில், அதாவது மண்டையோடு என்ற பெயரில், உயிரோடிருக்கும் அமைச்சர்களையும் பெரிய மனிதர்களையும் இறந்துவிட்டதாகப் பாவித்து நையாண்டிப் பாடல் வெளியிடுவது அந்நகரத்தின் வழக்கம். அப்படி ஒரு தாளுக்காகத் தம் இறுதி ஆண்டுகளில் அவர் வரைந்ததே, இறகு வைத்த பிரெஞ்சுத் தொப்பி அணிந்த பெண் மண்டையோடு. பழங்குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியப் பகட்டைப் பூசிக்கொண்டவர்களைக் கேலி செய்த படம் அது. போசாதா 1913-இல் வறுமையில் இறந்தார். அவருடைய எலும்புகள் பொதுக்குழியில் கலந்துவிட்டன. ஓவியர் தியேகோ ரிவேரா 1947-இல் முடித்த ஒரு பெரிய சுவரோவியத்தில் அந்த மண்டையோட்டுக்கு உடலும் நீண்ட அங்கியும் கொடுத்து, போசாதாவின் கையைப் பற்றி நிற்க வைத்தார். அங்கிருந்துதான் அவள் நாடறிந்த உருவமானாள். கேலிச் சித்திரமாகப் பிறந்தவளை இப்போது முகத்தில் வரைந்துகொண்டு அழகுப் போட்டி நடத்துகிறார்கள் என்பது போசாதாவுக்குச் சிரிப்பை வரவழைத்திருக்கும்.

நையாண்டிப் பாடல் வழக்கமும் இன்றுவரை தொடர்கிறது. பள்ளிகளில் ஆசிரியரையும் நண்பரையும் மரணதேவி வந்து கூட்டிப்போனதாக மாணவர்கள் பாட்டு எழுதுவார்கள். பாட்டில் இடம்பெறுவது மரியாதை, இடம்பெறாதவருக்குத்தான் வருத்தம்.

இது இறந்தோரை வணங்கும் வழிபாடா? ‘சாந்தா முவெர்தே’ என்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. சாந்தா முவெர்தே என்பது மரணத்தையே ஒரு புனிதையாகக் கருதி வரம் கேட்கும் தனி வழிபாடு. கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கண்டிக்கிறது. இறந்தோர் நாளிலோ எவரும் வரம் கேட்பதில்லை, உணவுதான் கொடுக்கிறார்கள். திருச்சபை இதற்காகக் கல்லறைத் தோட்டங்களில் திருப்பலி நிறைவேற்றுகிறது. புரோட்டஸ்டண்ட் சபைகளில் சேர்ந்த லத்தீனோ குடும்பங்களில் பலர் இதிலிருந்து விலகி நிற்பதும் உண்டு.

ஹாலோவீனின் மெக்சிகோ வடிவம் என்று சொல்லலாமா?

கூடாது. நாட்காட்டியில் அண்டை வீட்டார் என்பதைத் தாண்டி உறவு குறைவு. ஹாலோவீனில் ஆவி பயமுறுத்த வருகிறது; இங்கே பசியோடு வருகிறது, அதுவும் தெரிந்தவராக.

எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரிதான் நடக்குமா?

இல்லை, ஊருக்கு ஊர் மாறுகிறது. மிச்சோவாகான் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரியிலுள்ள ஹானிட்சியோ தீவில் புரேபெச்சா இனப் பெண்கள் கல்லறைகளின் அருகே இரவு முழுவதும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்விழித்திருப்பார்கள். பூயெப்லாவின் ஹுவாகெச்சூலாவில் அந்த ஆண்டில் இறந்தவருக்காக மட்டும் வெள்ளைப் பட்டுத் துணியில் கூரையைத் தொடும் அளவுக்கு மேடை கட்டி, கதவைத் திறந்து வைப்பார்கள். மெழுகுவர்த்தியோடு வரும் முன்பின் தெரியாதவருக்கும் சாப்பாடு உண்டு. யுகாத்தானில் மாயா மக்கள் இதை ‘ஹனல் பிக்ஸான்’, ஆன்மாக்களின் உணவு, என்கிறார்கள். மண்ணில் குழி வெட்டி அதில் பெரிய தமாலேயைச் சுடுகிறார்கள்.

காம்பேச்சே மாநிலத்தின் பொமூச் ஊர் வழக்கம் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். புதைத்துச் சில ஆண்டுகள் கழிந்ததும் எலும்புகளை எடுத்துச் சிறு மரப்பெட்டியில் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் அவற்றைத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்து, பூவேலை செய்த புதுத்துணி விரித்து, மீண்டும் அடுக்குகிறார்கள். மண்டையோடு மேலே, வெளியே தெரியும்படி இருக்கும். துடைக்கும்போது வீட்டுச் செய்திகளை அவர்களிடம் பேசிக்கொண்டே துடைப்பார்கள். அதைப் பார்க்க அருவருப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், குளிப்பாட்டித் தலைதுவட்டும் கைப்பக்குவம் அதில் இருப்பதைக் கண்டு அமைதியாகிவிடுவார்கள்.

மெக்சிகோவுக்கு வெளியே, குவாத்தமாலாவின் சும்பாங்கோ, சாந்தியாகோ சகாதெபேகெஸ் ஊர்களில் நவம்பர் 1 அன்று மூங்கிலும் தாளும் கொண்டு செய்த மாபெரும் பட்டங்களைக் கல்லறைத் தோட்டத்தின் அருகே நிறுத்துகிறார்கள். சிறியவற்றைப் பறக்க விடுகிறார்கள். எக்குவதோரில் குழந்தை வடிவ ரொட்டியும், கருஞ்சோள மாவும் பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய ஊதாநிறப் பானமும் அந்நாளின் உணவு. பொலிவியாவின் லா பாஸ் நகரில் நவம்பர் 8 அன்று, வீட்டில் பாதுகாக்கும் மண்டையோடுகளுக்குப் பூமுடி சூட்டிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள்.

அப்படியானால் லத்தீனோக்கள் அனைவரும் இதைக் கடைப்பிடிக்கிறார்களா?

இல்லை. புவெர்த்தோ ரிக்கோ, கியூபா, தொமினிக்கக் குடியரசு ஆகியவற்றிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தப் படையல் மரபு புதியது. மெக்சிகோவின் வடமாநிலங்களிலும் அமெரிக்காவின் டெக்சாஸிலும் பழைய மெக்சிக்கக் குடும்பங்கள் கல்லறையைத் துப்புரவாக்கி, பூ வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டன. மண்டையோடும் படிமேடையும் அவர்களுக்கு மெக்சிகோவின் மத்திய, தென் பகுதிகளின் வழக்கமாகவே தெரிந்தன. இன்று டெக்சாஸில் தம் பேரக்குழந்தைகளோடு படையல் அமைக்கும் பாட்டிகள் சிலர், தம் சொந்தப் பாட்டியிடம் அதைக் கற்றதில்லை. அருகிலுள்ள கலைக்கூடத்தில் கற்றார்கள்.

கலைக்கூடத்திலா? அமெரிக்காவில் இது எப்படித் தொடங்கியது?

1960-களின் இறுதியில் மெக்சிக்க வழிவந்த அமெரிக்கர்கள் தம் உரிமைகளுக்காக நடத்திய சிக்கானோ இயக்கம், தம்மைத் தாழ்த்திய பள்ளிப் பாடங்களுக்கு மாற்றாகத் தமக்கென ஒரு பண்பாட்டு மரபைத் தேடியது. சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில் இயங்கிய கலேரியா தே லா ராசா கலைக்கூடம் 1972-இல் இறந்தோர் நாள் கண்காட்சியை நடத்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில், பிரான்சிஸ்கச் சபைக் கன்னியர் கேரன் பொக்காலெரோவும், மெக்சிகோவிலிருந்து வந்த கலைஞர்கள் கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபான்யெஸ் ஆகியோரும் சேர்ந்து உருவாக்கிய ‘செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்’ என்ற அச்சுக்கலைக் கூடம், முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொண்டு தெருவில் ஊர்வலமாகச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. சிகாகோவின் பில்சன் பகுதியில் 1987-இல் திறக்கப்பட்ட மெக்சிக்கக் கலை அருங்காட்சியகம் அந்த ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் படையல் கண்காட்சி நடத்துகிறது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஒஃபேலியா எஸ்பார்சா, தம் தாயிடம் கற்ற படையல் கலையைப் பல பத்தாண்டுகள் பிறருக்குக் கற்பித்தவர்; அதற்காக 2018-இல் அமெரிக்காவின் தேசிய மரபுரிமைக் கலைஞர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் கலைஞர்கள் தொடங்கி வைத்ததால் மட்டும் இது வேர்விட்டுவிடவில்லை. மெக்சிகோவில் இறந்தோர் நாளின் மையம் கல்லறை. புலம்பெயர்ந்தவருக்கோ கல்லறை எல்லைக்கு அப்பால் இருக்கிறது. உரிய குடியேற்ற ஆவணங்கள் இல்லாமல் வாழ்பவர் தாயின் இறுதிச் சடங்குக்குக் கூடப் போக முடியாது; போனால் திரும்பி வர முடியாது. அப்படிப்பட்டவருக்கு வாடகை வீட்டுக் கூடத்தின் மூலையில், அட்டைப்பெட்டியின் மேல் துணி விரித்து வைக்கும் தாயின் படமே கல்லறை, அதுவே சொந்த ஊர். தாம் போக முடியாத எல்லையைத் தாண்டி இறந்தவர் வந்துவிட முடியும் என்பதே இந்த மரபு அமெரிக்க மண்ணில் பெற்ற புதிய பொருள். மிச்சோவாகானின் மலைக்காடுகளுக்குக் குளிர்காலம் கழிக்க வடக்கிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள், நவம்பர் தொடக்கத்தில் வந்து சேர்வதால், அவை திரும்பி வரும் ஆன்மாக்கள் என்று அப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். அமெரிக்காவிலுள்ள சுவரோவியங்களில் அந்த வண்ணத்துப்பூச்சி புலம்பெயர்ந்தோரின் சின்னமாகவும் ஆகிவிட்டது.

நினைவு நாளில் அரசியல் ஏன் கலக்கிறது?

பொது இடத்தில் வைக்கும் படையலில் யாருடைய படம் வைப்பது என்பதே அரசியல்தான். பூச்சிமருந்துக்கு இரையான பண்ணைத் தொழிலாளர்கள், எய்ட்ஸ் நோயில் மாண்டவர்கள், எல்லைப் பாலைவனத்தில் தாகத்தால் இறந்தவர்கள் ஆகியோருக்குச் சிக்கானோ கலைஞர்கள் படையல் அமைத்து வந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஹோல்ட்வில் ஊரில், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்ட புலம்பெயர்ந்தோரின் குழிகளுக்குத் தன்னார்வலர்கள் ‘மறக்கப்படவில்லை’ என்று ஸ்பானிய மொழியில் எழுதிய சிலுவைகளை நட்டார்கள். டெக்சாஸின் யுவால்டி தொடக்கப்பள்ளியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டபின், அந்த நவம்பர் 1 அன்று பெற்றோர்கள் தலைநகர் ஆஸ்டினில் இறந்தோர் நாள் ஊர்வலம் நடத்தினார்கள். குழந்தைகளின் ஆன்மா வீடு திரும்பும் நாளை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது எல்லாம் வணிகமாகிவிட்டது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. வால்ட் டிஸ்னி நிறுவனம் 2013-இல் ஒரு படத்துக்காக ‘தியா தே லோஸ் முவெர்தோஸ்’ என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாட்களில் விலகிக்கொண்டது. 2019 முதல் பார்பி பொம்மைக்கும் கத்ரினா வேடம் கிடைத்திருக்கிறது. மெக்சிகோ நகரத்தின் மாபெரும் அணிவகுப்பைத் தொன்மையானது என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி: 2015-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் கற்பனையாகக் காட்டிய ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, 2016-இல்தான் நகர நிர்வாகம் அதைத் தொடங்கியது. யுனெஸ்கோ 2008-இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது பழங்குடிச் சமூகங்களின் விழாவையே அன்றி இந்த அணிவகுப்பை அல்ல. ஆயினும் கடையில் வாங்கிய ஞெகிழிப் பூவையும் ஒரு பாட்டி தன் கணவரின் படத்துக்கு முன் வைத்துவிட்டால், அது வணிகம் என்று எவரால் சொல்ல முடியும்?

இது துக்க நாளா, கொண்டாட்டமா?

மெக்சிக்கர்கள் மரணத்தைக் கண்டு சிரிப்பவர்கள் என்ற பேச்சு நெடுநாளாகச் சுற்றி வருகிறது. அதை முழுதாக நம்ப வேண்டாம். இறந்து பல ஆண்டுகள் ஆன தாத்தாவின் படையலில் பாட்டும் மதுவும் இருக்கும். அதே தெருவில் அந்த ஆண்டு மகனை இழந்த வீட்டில் அழுகைதான் இருக்கும். பெருந்தொற்றுக் காலமான 2020-இல் கல்லறைத் தோட்டங்கள் பல மூடப்பட்டு, அக்டோபர் 31 முதல் மூன்று நாட்களை மெக்சிக்க அரசு தேசியத் துக்க நாட்களாக அறிவித்தபோது, சிரிப்புக்கு அடியில் இருந்தது வெளியே தெரிந்தது.

லத்தீனோ நண்பர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். நான் போகலாமா? எப்படி நடந்துகொள்வது?

தயங்காமல் போகலாம், அழைப்பு என்பது அவர்கள் வீட்டுப் பெரியவர்களை உங்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதாகும். பூவோ, ரொட்டியோ, மெழுகுவர்த்தியோ, பழமோ கொண்டு செல்லுங்கள். படத்தில் இருப்பவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். மற்ற இடங்களில் துக்கம் விசாரிக்கத் தயங்குவது போல இங்கே தயங்க வேண்டியதில்லை, கேட்காமல் இருப்பதுதான் குறை. படையலில் உள்ளதை நீங்களாக எடுத்து உண்ண வேண்டாம். முகத்தில் மண்டையோடு வரைந்துகொள்வது ஊர்வலத்துக்குப் பொருந்தும். ஒரு வீட்டின் படையலுக்கோ கல்லறைக்கோ போகும்போது வீட்டாரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். கல்லறையருகே அமர்ந்திருப்பவர்களை அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இறந்த ஒருவரின் படத்தையும் கொண்டுவரச் சொல்லி அவர்களே கேட்கக்கூடும்; மேடையில் இடம் ஒதுக்குவார்கள். அப்படிக் கேட்டால், அவருக்குப் பிடித்த பலகாரம் ஒன்றையும் சேர்த்துக் கொண்டு செல்வது முறை. நவம்பர் 2 கழிந்து படையலைக் கலைக்கும்போது அதிலுள்ள ரொட்டியையும் பழத்தையும் தமாலேயையும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். உங்கள் பங்கும் பொட்டலமாகக் கட்டி வரும். பாத்திரத்தில் வந்தால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.